நண்பர்களோடு தீவில் கூடாரம்: உபினா, லாசரஸா, மெர்சிங் பக்கமா?

நண்பர்கள் ஆறேழு பேர் சேர்ந்து, கடையும் விளக்கும் இல்லாத ஒரு கடற்கரையில் இரண்டு இரவு தங்க வேண்டும் என்ற ஆசை சிங்கப்பூரில் பலருக்கும் இருக்கிறது. பேச்சு தொடங்கியதும் குழுவில் ஒருவர் நீலத் தண்ணீரும் வெண்மணலும் உள்ள படம் ஒன்றை அனுப்புவார். மற்ற எல்லாரும் அந்தப் படத்துக்கே கை தூக்குவார்கள். படத்தைப் பார்த்துத் தீவைத் தேர்ந்தெடுப்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. எந்த மாதம் போகிறோம், ஆபத்து என்றால் எவ்வளவு நேரத்தில் ஊர் திரும்பலாம் என்பவற்றை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். மணலின் நிறத்தை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

இன்னும் சுருக்கமாகக் கேட்டால் கேள்வி இதுதான்: உங்களைக் கொண்டுபோய் விடும் படகோட்டி இரவில் எந்தக் கரையில் தூங்குகிறார்? நீங்கள் தங்கும் தீவிலேயே அவர் வீடு இருந்தால், நள்ளிரவில் ஒருவருக்கு வயிற்றுவலி என்றாலும் நடந்துபோய்க் கதவைத் தட்டலாம். அவர் ஒரு மணி நேரக் கடலுக்கு அப்பால் தூங்கினால், விடியும்வரை காத்திருக்க வேண்டும். காற்று வீசினால் கடல் அடங்கும்வரையும் காத்திருக்க வேண்டும். அதனால்தான் ஆளில்லாத கடற்கரையைத் தேடிப் போங்கள், ஆளில்லாத தீவைத் தேடாதீர்கள் என்று என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். இங்கே எடுத்துக்கொண்ட இடங்களையும் அந்த அளவுகோலை வைத்தே எடைபோட்டிருக்கிறேன்.

மாதம்தான் முதல் முடிவு

நம்மில் பலருக்கு நீண்ட விடுப்பு கிடைப்பது ஆண்டுக் கடைசியில். பள்ளி விடுமுறை நவம்பர் நடுவில் தொடங்கி டிசம்பர் முடியும்வரை நீள்கிறது. தீபாவளியும் அதை ஒட்டியே வருகிறது. ஆனால் தியோமான், சிபு, ஆவுர் போன்ற மலேசியக் கிழக்குக் கரைத் தீவுகளுக்கு அது ஆகாத காலம். வடகிழக்குப் பருவக்காற்று நவம்பரில் தொடங்கிவிடும். பிப்ரவரி வரை தென்சீனக் கடல் கொந்தளிப்பாக இருக்கும். படகுகள் குறையும், விடுதிகள் பல மூடப்படும், மழை நாள்கணக்கில் விடாமல் பெய்யும். டிசம்பரில் மலிவாகக் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், எப்போது திரும்ப முடியும் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

ஆகவே ஆண்டுக் கடைசியில்தான் போக முடியும் என்றால் அந்தத் தீவுகளுக்குப் படகேறும் மெர்சிங் பக்கத்தை மறந்துவிடலாம். சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள உபின் தீவில் ஓர் இரவு தங்கலாம். நீலக் கடல்தான் வேண்டும் என்றால் மலேசியாவின் மேற்குக் கரைக்குப் போகலாம். டிசம்பரிலிருந்து மார்ச் வரை லங்காவிப் பக்கம் வெயில் காலம்.

மே முதல் ஆகஸ்ட் வரை கிழக்குக் கரையில் கடல் அமைதியாக இருக்கும். ஆனால் அந்த மாதங்களில் சிங்கப்பூரிலும் தென் ஜொகூரிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சுமத்ராவிலிருந்து நீரிணையைக் கடந்து வரும் சூறைக்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன், எல்லாரும் அயர்ந்து தூங்கும் நேரத்தில், இடியோடும் கனமழையோடும் அடிக்கும். கூடாரத்தின் முளைகளை மணலில் சும்மா குத்திவைத்தால் அந்தக் காற்றுக்குத் தாங்காது. பைகளில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்தால் அசையாது.

உபின்

சாங்கி பாயிண்ட் படகுத் துறையில் 12 பேர் சேர்ந்ததும் படகு புறப்படும். ஆளுக்கு 4 வெள்ளி. முன்பதிவு கிடையாது, கடப்பிதழும் தேவையில்லை. பத்துப் பதினைந்து நிமிடத்தில் கம்பத்துக்குள், அதாவது தீவுக் கிராமத்துக்குள், கால் வைத்துவிடலாம். கூடாரம் போட ஜெலுத்தோங், மாமாம் என்று இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜெலுத்தோங் துறையிலிருந்து சில நிமிட நடை. மாமாம் வடகரையில் ஜொகூரைப் பார்த்தபடி இருக்கிறது. மூட்டையைச் சுமந்துகொண்டு முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும், அல்லது சைக்கிள் எடுக்க வேண்டும். அந்தப் பக்கம் கைப்பேசி தானாகவே மலேசியக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டு இணைப்பை முன்பே அணைத்து வையுங்கள். புறப்படும் வாரத்தில் எந்த இடம் திறந்திருக்கிறது என்பதைத் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடலில் இறங்கிக் குளிக்கும் ஆசையோடு போகிறவர்களுக்கு உபின் ஏமாற்றம் தரும். கரை குறுகலானது, தண்ணீர் கலங்கியிருக்கும், எதிரே மீன் பண்ணைகள் மிதக்கும். ஆனால் இரவு அங்கே வேறு மாதிரியானது. தீவுக்குக் குழாய்த் தண்ணீரும் நகர மின்கம்பியும் போவதில்லை. கிணறும் மின்னாக்கியும் சூரியத் தகடுகளும்தான். சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த பலர் உண்மையான இருட்டை முதன்முதலில் பார்ப்பது அங்கேதான். கடல் நன்றாக வற்றும் நாளாகப் பார்த்துப் போனால், செக் ஜாவாவில் கடற்புல் வெளியையும் மணல்திட்டையும் நடைமேடையிலிருந்தே பார்க்கலாம். அந்தச் சதுப்பு நிலத்தை மண்கொட்டி மூடுவதாக இருந்த திட்டம் 2001 இறுதியில் ஒத்திவைக்கப்பட்டதால்தான் இன்றைக்கு அது மிஞ்சியிருக்கிறது.

காட்டுப்பன்றிகளும் குரங்குகளும் உணவு வாசனைக்கு வரும். பிளாஸ்டிக் பையில் ரொட்டியை வைத்துக் கூடாரத்துக்கு வெளியே விட்டால் காலையில் பைகூட மிஞ்சாது. மூடி இறுக்கமான பெட்டி வேண்டும்.

என் அளவுகோலில் உபினுக்கு முழு மதிப்பெண். படகோட்டிகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள், காவல் நிலையம் இருக்கிறது, அவசர எண் 995ஐ அழைத்தால் பதில் வரும். குழுவில் பாதிப் பேர் இதற்கு முன் கூடாரத்தில் படுத்ததே இல்லை என்றால் வேறெங்கும் யோசிக்க வேண்டாம். தேசிய சேவை முடித்த நண்பர்கள், “நாங்கள் தெக்கோங்கில் பார்க்காததா?” என்பார்கள். அந்த ராணுவப் பயிற்சித் தீவில் தண்ணீர், மருத்துவர், திரும்பும் படகு எல்லாவற்றையும் வேறொருவர் ஏற்பாடு செய்திருந்தார். இங்கே அதை நாமே செய்ய வேண்டும். அந்தப் பழக்கம் வருவதற்கு உபினில் ஓர் இரவு நல்ல தொடக்கம்.

லாசரஸும் செயிண்ட் ஜான்ஸும்

பகலுக்கு மட்டும் என்றால் தென் தீவுகளைவிட நல்ல இடம் சிங்கப்பூரில் இல்லை. மரினா சவுத் பியர் வரை எம்ஆர்டி போகிறது, அங்கிருந்து படகு. செயிண்ட் ஜான்ஸ் தீவில் இறங்கி இணைப்புப் பாதை வழியாக லாசரஸுக்கு நடந்துவிடலாம். பிறை வடிவக் கரையும் வெண்மணலும் அங்கே உண்டு. மணல் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியது என்றாலும் கண்ணுக்கு இனிமைதான்.

இரவுக்கு என்றால் கதை வேறு. கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும். நினைத்தவுடன் கூடாரம் போட முடியாது. எந்தத் தீவில், எந்த நாளில் அனுமதி உண்டு என்பதை நிர்வாகத்துக்கு எழுதிக் கேட்டுப் பெற வேண்டும். 2023இல் லாசரஸில் சிறு வீடுகளை வாடகைக்கு விடத் தொடங்கினார்கள். அவற்றில் தங்குவதற்கும் கூடாரத்துக்கும் சம்பந்தமில்லை. இன்னொன்று, அங்கே தனிமை கிடைக்காது. கடலுக்கு நடுவே நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகள் இரவு முழுவதும் எரியும், நகரத்தின் வெளிச்சம் வானத்தைப் பாதி விழுங்கிவிடும்.

இருந்தாலும் தமிழர்கள் செயிண்ட் ஜான்ஸுக்கு ஒரு முறையாவது போய்வர வேண்டும் என்பேன். 1874இல் அங்கே நோய்த்தடுப்பு முகாம் தொடங்கப்பட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மேல்தளப் பயணிகளாக வந்தவர்களில் பலர், சிங்கப்பூர் மண்ணை மிதிக்கும் முன் நாள்கணக்கில் அந்தத் தீவில் வைக்கப்பட்டார்கள். ரஜூலா கப்பலில் வந்த முந்தைய தலைமுறையிடம் கேட்டால் அந்த நாட்களைச் சொல்வார்கள். நாம் உல்லாசமாகப் போகும் கரை அவர்களுக்குக் காத்திருப்பின் கரையாக இருந்தது.

மெர்சிங் பக்கம்: ஒரு பெயர், பல தீவுகள்

நாம் மனத்தில் வைத்திருக்கும் நீலக் கடல் இங்கேதான் இருக்கிறது. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இரவில் ஓட்டினால் காட்டுப்பாதையில் யானை கடக்கும் என்ற எச்சரிக்கைப் பலகைகளைப் பார்க்கலாம். அவற்றை அலங்காரம் என்று நினைத்துவிடாதீர்கள். யானைகள் உண்மையாகவே சாலைக்கு வருகின்றன. சொந்தக் காரில் போனால் எண்ணெய்க் கலன் முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும் என்ற சிங்கப்பூர் விதி நினைவிருக்கட்டும். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதியும் வேண்டும்; 2025 ஜூலை முதல் அது இல்லாத கார்களுக்கு 300 ரிங்கிட் அபராதம் விதிக்கிறார்கள். கார் இல்லாதவர்கள் லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து மெர்சிங்குக்குப் பஸ் பிடிக்கலாம்.

மெர்சிங் துறை ஆற்றின் வாயில் இருக்கிறது. கடல் வற்றும்போது அங்கே ஆழம் போதாது. அதனால் படகு நேரம் கடிகாரத்தைப் பார்த்து வைத்ததல்ல, கடலின் ஏற்றவற்றத்தைப் பார்த்து வைத்தது. வாரத்துக்கு வாரம் மாறும். முதலில் படகு நேரத்தைக் கேட்டுவிட்டுப் பிறகு உட்லண்ட்ஸில் எத்தனை மணிக்கு எல்லை கடப்பது என்று கணக்குப் போடுங்கள். தேசிய தினம், நோன்புப் பெருநாள் போன்ற நீண்ட வார இறுதிகளில் கடற்பாலத்தில் நிற்கும் நேரம் மெர்சிங்குக்கு ஓட்டும் நேரத்தையே எட்டிவிடும்.

மெர்சிங் என்று பொதுவாகச் சொன்னாலும் அதற்குள் மூன்று வகைத் தேர்வுகள் இருக்கின்றன.

சிபு கரைக்கு அருகில் இருக்கிறது. அதற்கு மெர்சிங் வரைகூடப் போக வேண்டாம். தெற்கே தஞ்சோங் லெமானிலிருந்து படகு. கடற்பயணம் ஒத்துக்கொள்ளாதவர்கள் குழுவில் இருந்தால் இது நல்லது. ஆவுர், பெமாங்கில் இரண்டும் எதிர்முனை. தண்ணீர் மிகத் தெளிவு, பயணம் மிக நீளம். முத்துக்குளிப்பவர்போல் கடலடியைப் பார்க்கப் போகிறவர்களுக்கு அவை தகும். இரண்டு இரவுக் கூடாரத்துக்காக அவ்வளவு தூரம் போனால் பாதி நாள் படகிலேயே கழியும்.

அடுத்து ஹரிமாவ், மென்சிரிப் போன்ற, கிராமம் இல்லாத சின்னத் தீவுகள். பகல் சுற்றுலாப் படகுகள் நின்றுபோகும் இடங்கள் அவை. படகைத் தனியாக வாடகைக்கு எடுத்து இரவும் அங்கேயே தங்கிவிடலாம் என்று ஆசை காட்டுபவர்கள் உண்டு. படங்களில் மிக அழகாகத் தெரிவதும் இவைதான், என் அளவுகோலில் கடைசியாக நிற்பதும் இவைதான். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் தண்ணீர். இந்த வெயிலில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வேண்டும். ஆறு பேர், மூன்று பகல் என்றால் 72 லிட்டர். அதாவது ஒன்றரை லிட்டர் பாட்டில்கள் 48, எடை 72 கிலோ. படகுத்துறை கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, வழுக்கும் பாறைமேல் கால் வைத்து, அத்தனையையும் கரையேற்ற வேண்டும். உப்பைக் கழுவ ஒரு குவளை நல்ல தண்ணீர்கூட மிஞ்சாது.

அடுத்தது காயம். ஆழமில்லாத பவளப்பாறைத் தண்ணீரில் கல்மீன் இருக்கும். பார்த்தால் பாசி படிந்த கல், மிதித்தால் முள் பாதத்தில் ஏறும். வலி தாங்க முடியாது. தாங்கக்கூடிய அளவுச் சூடான தண்ணீரில் காலை மூழ்கவைப்பதுதான் முதலுதவி. அதற்கு அடுப்பும் பாத்திரமும் தயாராக இருக்க வேண்டும், அதன் பிறகு மருத்துவரிடம் போக வேண்டும். பெட்டி இழுதுமீன் (பாக்ஸ் ஜெல்லிமீன்) பட்டால் உடனே காடியை (வினிகரை) ஊற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. இந்த வகை இழுதுமீன் உயிருக்கே ஆபத்தானது. மருத்துவமனை மெர்சிங்கில், உங்கள் படகோட்டியும் அங்கேதான். கைப்பேசிச் சமிக்ஞை பாறைக்குப் பின்னால் கிடைக்காது. பகலில் படகுக்குக் காத்திருப்பதே சிரமம். இரவில் அந்தக் கரையில் காயத்தோடு இருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அனுமதியும் சும்மா கிடைப்பதில்லை. மெர்சிங்குக்கு எதிரே உள்ள இந்தத் தீவுகளைச் சுற்றிக் கடல்பூங்கா இருக்கிறது. கரையிலிருந்து 2 கடல்மைல் வரை மீன்பிடிக்கத் தடை, பவளமும் சங்கும் எடுக்கத் தடை. மீன் பிடித்துச் சுட்டுத் தின்னலாம் என்று கனவு காண்பவர்கள் அதை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும்.

தியோமான், அதிலும் ஜுவாரா

தியோமான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது என்றாலும் பெரும்பாலானோர் மெர்சிங்கிலிருந்தே போகிறார்கள். பெரிய தீவு. மேற்குப் பக்கத்தில் தெக்கெக், ஆயர் பாத்தாங், சாலாங் என்று கிராமங்கள் வரிசையாக இருக்கின்றன. தீர்வையில்லாக் கடைகளும் கூட்டமும் அந்தப் பக்கம்தான். நடுவே காட்டு மலை. மலையைக் கடந்தால் கிழக்குப் பக்கத்தில் ஜுவாரா. தெக்கெக்கிலிருந்து செங்குத்தான சாலையில் நான்கு சக்கர இயக்க வண்டி ஏறி இறங்கிக் கொண்டுபோய் விடும். காட்டுப்பாதையில் அருவியைப் பார்த்தபடி நடந்தும் போகலாம்.

நான் நண்பர்களை அனுப்பும் இடம் இதுதான். ஜுவாராவில் கிராமம் உண்டு, சோறு கிடைக்கும், மலையோடைத் தண்ணீரில் குளிக்கலாம், மருத்துவ நிலையம் மலைக்கு அந்தப் பக்கம் தெக்கெக்கில் இருக்கிறது. ஆனால் கரை நீளமானது. கிராமத்து விளக்குகளை விட்டுக் கொஞ்சம் நடந்தாலே சவுக்கும் புன்னையும் மட்டும்தான். நில உரிமையாளரிடம் கேட்டுக் கூடாரம் போடலாம். படகோட்டிகள் அந்தக் கிராமத்துக்காரர்கள். ஆளே இல்லாத குடா ஒன்றில் பகல் முழுவதும் இருக்க ஆசையென்றால் அவர்கள் காலையில் விட்டு மாலையில் அழைத்துவருவார்கள். மேற்குப் பக்கத்தில் ஆயர் பாத்தாங்கிலிருந்து சாலாங் போகும் காட்டுப்பாதையிலும் விடுதி எதுவும் இல்லாத கடற்கரைகள் வருகின்றன.

ஜுவாராவில் ஆமைகள் கரையேறி முட்டையிடும். கடலை நோக்கி டார்ச் அடிக்காதீர்கள், மணலில் நெருப்பு மூட்டாதீர்கள். வெளிச்சத்தைக் கண்டால் முட்டையிட வந்த ஆமை திரும்பிப் போய்விடும். குஞ்சுகள் கடல் என்று நினைத்து வெளிச்சத்தை நோக்கி நடக்கும். சமையலுக்குச் சின்னக் கேஸ் அடுப்பு போதும். முதல் இரவுக்கு வீட்டிலிருந்தே புளிச்சோறு கட்டிக்கொண்டு போனால் அடுப்பே வேண்டாம்.

கூடாரம் போடும் இடத்தை அடும்பைப் பார்த்து முடிவு செய்யலாம். நெய்தல் நிலத்துப் பாடல்களில் நாம் படித்த அதே அடும்புதான், ஆட்டுக் குளம்பு போன்ற இலையும் ஊதாப் பூவுமாக இந்தக் கரைகளிலும் படர்ந்திருக்கிறது. வழக்கமான அலை எட்டாத இடத்தில்தான் அது வேர்பிடிக்கும். ஆகவே கொடிக்கும் கடலுக்கும் நடுவே கூடாரம் வேண்டாம். கொடியைத் தாண்டி, அதை மிதிக்காமல், உள்ளே போங்கள். நிழல் என்று தென்னையின் அடியில் படுக்காதீர்கள். புன்னைக்குக் கீழே படுக்கலாம்.

மணல் ஈயை மலாயில் ‘அகாஸ்’ என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். அந்தி நேரத்திலும் விடியலிலும் கடிக்கும். கடித்த இடம் மறுநாள்தான் அரிக்கத் தொடங்கும், வாரக்கணக்கில் விடாது. முழுக்கை, முழுக்கால் உடையும் காலில் தடிப்பாகத் தேய்த்த தேங்காய் எண்ணெயும் உதவும்.

குழுவில் யார் யார்

நம் நண்பர் குழுக்களில் சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்களும் கலந்திருப்பார்கள். இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கடப்பிதழ்களைக் கேட்டுவிடுங்கள். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் விசா விலக்கு அளித்து வருகிறது. அது 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. அவர்கள் வருகைக்கு முந்தைய 3 நாட்களுக்குள் மின்னிலக்க வருகை அட்டையை நிரப்ப வேண்டும். இந்தோனேசியாவில் அவர்களில் பலருக்குக் காசு கட்டி விசா வாங்கும் நிலை. பாத்தாமுக்குத் தெற்கே புலாவ் அபாங் பக்கம் அழகான கரைகள் இருந்தும் அதை நான் முன்னால் வைக்காததற்கு அது ஒரு காரணம். பாத்தாமில் இறங்கி, பாலங்களைக் கடந்து, மீண்டும் படகேற வேண்டியிருப்பது இன்னொரு காரணம்.

நீச்சல் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் லைஃப் ஜாக்கெட் எல்லாருக்கும் இருக்கிறதா என்று படகில் ஏறும் முன் எண்ணிப் பாருங்கள். பற்றாக்குறை என்றால் ஏறாதீர்கள். படகோட்டியோடு திரும்பும் நாள், நேரம் இரண்டையும் தெளிவாகப் பேசி, கூலியில் ஒரு பகுதியைத் திரும்பும்போது கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்; அவருடைய எண்ணைச் சிங்கப்பூரில் வீட்டாரிடமும் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஜூன் விடுமுறையில் மெர்சிங் படகு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். தேதி குறிக்கும்போது வளர்பிறை அட்டமியை ஒட்டிய வார இறுதியாகப் பாருங்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை நிலா வெளிச்சம் இருக்கும், நள்ளிரவை ஒட்டி அது மறைந்ததும் நட்சத்திரங்கள் நன்றாகத் தெரியும். உபினுக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு வசதி: அமாவாசை, பௌர்ணமிபோலக் கடல் அன்று அதிகமாக ஏறாது. ஆனால் செக் ஜாவாவில் மணல்திட்டு முழுவதும் வெளியே தெரிய வேண்டும் என்றால் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டித்தான் போக வேண்டும். தியோமான் பக்கத்தில் கடல் ஏறி வற்றும் கணக்கு சிங்கப்பூரைப்போல இல்லை. அதற்கு மெர்சிங் அட்டவணையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.